பள்ளிக்கூடம் கட்ட நிலம் இருக்கு... காரணம் இருக்கா?

"எங்க தாத்தா நிலம் ரெண்டு ஏக்கர் ரோட்டோரமா சும்மாதான் கிடக்கு. நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். அமெரிக்காவுல 'சார்ட்டர் ஸ்கூல்'னு ஒண்ணு இருக்காமே... கவர்மென்ட்டே காசு கொடுக்குமாம், நாம நடத்தலாமாம். அது மாதிரி இங்க அப்ளை பண்ண முடியுமா? என்னென்ன பேப்பர் ரெடி பண்ணணும்?"

காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி. இவரைப் போலவே நிறைய பேருக்கு இந்த ஆசை உண்டு. வெளிநாட்டில் பத்து வருஷம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், ரிட்டையர் ஆன ஆசிரியர்கள், வேலை கிடைக்காத பி.எட் பட்டதாரிகள் எனப் பலர் மனதில் ஒரு பள்ளிக்கூடம் கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் அதையே பார்த்துவிடலாம்.

ஒரே வருஷம், இரண்டு கதவுகள்

முதலில் சார்ட்டர் பள்ளி. 1991-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம்தான் இதற்கு முதல் சட்டம் போட்டது. 1992-ல் அங்கே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. பணம் அரசுடையது, நடத்துவது ஆசிரியர்களோ பெற்றோரோ சேர்ந்த ஒரு தனிக்குழு. ஃபீஸ் கிடையாது. இருக்கிற இடத்தைவிட அதிகம் பேர் கேட்டால் குலுக்கல். சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடுவார்கள். சொன்னபடி பிள்ளைகள் படிக்கவில்லை என்றால் ஒப்பந்தம் போய்விடும், பள்ளியை மூட வேண்டியதுதான்.

இதைக் கேட்டதும் நம் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். "இது நம்ம எய்டட் ஸ்கூல்தானே!" கிட்டத்தட்ட அதுதான். 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையில் தொடங்கிய மானிய முறை அது. தனியார் பள்ளி நடத்துவார்கள், அரசு ஆசிரியர் சம்பளம் கொடுக்கும். நம் தாத்தா, பாட்டி காலத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த பலரும் இப்படிப்பட்ட பள்ளியில்தான் படித்திருப்பார்கள்.

ஆனால், அந்தக் கதவு சாத்தி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1991-92 கல்வியாண்டிலிருந்து புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று தமிழ்நாடு தன் சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு கதவு திறந்த அதே வருஷம் இங்கே ஒரு கதவு மூடியது.

ஆகவே, வாசகருக்கு முதல் பதில்: சார்ட்டர் மாதிரி இங்கே அப்ளை பண்ண வழியில்லை. இன்று நீங்கள் தொடங்கினால் அது சுயநிதிப் பள்ளிதான். ஆசிரியர் சம்பளமும், கரன்ட் பில்லும், வேன் டீசலும் பெற்றோர் பையிலிருந்துதான் வரவேண்டும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஃபைலில் இருக்கும் முக்கியமான கேள்வி

பேப்பருக்கு வருவதற்கு முன்னால் ஒரு விஷயம். தனியார் பள்ளிகளுக்கான 1973-ம் ஆண்டுச் சட்டம் விண்ணப்பத்தில் கேட்ட விவரங்களில் ஒன்று, 'இந்த வட்டாரத்தில் இந்தப் பள்ளிக்கு என்ன தேவை?' என்பது. பலரும் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 'பொதுமக்களின் நலன் கருதி' என்று எழுதினால் தீர்ந்தது. அமெரிக்க சார்ட்டர் விண்ணப்பத்தில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது இந்தக் கேள்விக்குத்தான். எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், இப்போது எங்கே படிக்கிறார்கள், அங்கே கிடைக்காதது எது, நீங்கள் எப்படிக் கொடுப்பீர்கள் என்று துளைத்து எடுப்பார்கள்.

நம் சிதம்பரம் வட்டாரத்திலேயே இந்தக் கேள்விக்கு அழுத்தமாகப் பதில் சொன்ன இரண்டு பள்ளிகள் உண்டு.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளிகளில் படித்து, அங்கேயே கற்பித்தவர் அவர். அந்தப் பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று உள்ளிருந்து பார்த்தவர். தம் சமயத்துப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாமலே புதுமுறைக் கல்வி பெறவேண்டும் என்பது அவருடைய 'தேவை'. அதற்குப் பாடப்புத்தகம் இல்லை என்றதும், பாலபாடம் என்று வகுப்புவாரியாகத் தானே எழுதினார். அச்சடிக்க வேண்டும் என்றதும் அச்சகமே வைத்தார். 1864-ல் சிதம்பரத்திலும் அதே பெயரில் ஒரு பள்ளியைத் திறந்தார்.

இரண்டாவது, சுவாமி சகஜானந்தர். 1890-ல் ஆரணி பக்கம் பிறந்த முனுசாமி, திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தவர். துறவியாகி 1910-ல் சிதம்பரம் வந்தார். 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். தில்லைக்குப் போக வேண்டும் என்று ஏங்கி 'நாளைப்போவார்' ஆன நந்தனாரின் பெயரை, அதே தில்லையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வைத்தார். மற்ற இடங்களில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளி அது. 'என்ன தேவை?' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியுமா?

அவர் கட்டடத்தோடு நிற்கவில்லை. சட்டமன்றத்துக்குப் போய் அந்தப் பிள்ளைகளின் படிப்புக்காகப் பேசினார். 1959-ல் அவர் மறைந்தார். நந்தனார் பெயரில் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் இன்று சிதம்பரத்தில் அரசுப் பள்ளிகளாக நடக்கின்றன. தொடங்கியவருக்குப் பிறகும் பள்ளி நிற்கிறது. பள்ளி தொடங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

சரி, பேப்பர் என்னென்ன?

இப்போது நடைமுறையில் இருப்பது 2018-ம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் (முறைப்படுத்துதல்) சட்டம், அதற்கான 2023-ம் ஆண்டு விதிகள். நீங்கள் பார்க்க வேண்டியவர் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). இரண்டு படிகள் உண்டு. முதலில் தொடங்குவதற்கான அனுமதி, பிறகு அங்கீகாரம். அனுமதி கைக்கு வருமுன் அட்மிஷன் பேனர் கட்டாதீர்கள். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை என்கிறது 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்.

*அமைப்பு:* தனிநபர் பெயரில் வேண்டாம். பதிவுசெய்த டிரஸ்ட், சொசைட்டி போன்ற அமைப்பு வேண்டும். நாலு நண்பர்களில் ஒருவர் நாளை விலகினால் என்ன ஆகும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

*நிலம்:* இங்கேதான் பல கனவுகள் முட்டி நிற்கும். சிட்டிபாபு குழு பரிந்துரைத்த அளவுகள்படி பேரூராட்சி என்றால் 1 ஏக்கர், கிராம ஊராட்சி என்றால் 3 ஏக்கர். காட்டுமன்னார்கோயில் பேரூராட்சி எல்லைக்குள் என்றால் நம் வாசகரின் இரண்டு ஏக்கர் தாராளம். எல்லைக்கு வெளியே கிராமத்தில் என்றால் அந்தக் கணக்கில் போதாது. அதனால் கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் கல்வி அலுவலகத்துக்குப் போய், உங்கள் சர்வே எண்ணைச் சொல்லி, இன்றைய விதிப்படி எவ்வளவு நிலம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாத்தா நிலம் என்றால் பட்டா யார் பெயரில், பங்காளிகள் எத்தனை பேர், வில்லங்கம் உண்டா என்பதும் முக்கியம். நன்செய் நிலமென்றால் வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தனி அனுமதி வேண்டும்.

நம் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு விஷயம் தண்ணீர். ஒரு பக்கம் வீராணம், இன்னொரு பக்கம் கொள்ளிடம். ஐப்பசி, கார்த்திகையில் அந்த நிலத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது பக்கத்து வயல்காரருக்குத் தெரியும். கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

*நான்கு சான்றுகள்:* தாசில்தாரிடம் கட்டட உரிமம், பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்று, சுகாதாரத் துறையிடம் சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையிடம் தடையின்மைச் சான்று. வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டால் முடிந்தது என்றில்லை, காலாவதி தேதி பார்த்துப் புதுப்பிக்கவும் வேண்டும்.

இந்த நான்கும் சிலருக்கு அலைச்சலாகத் தெரியும். 'எல்லாம் பணம் பறிக்கிற வேலை' என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு தேதி: 2004, ஜூலை 16. கொள்ளிடத்தைத் தாண்டினால் எட்டிவிடும் கும்பகோணத்தில், ஒரு தனியார் பள்ளியில் மதிய உணவு சமைக்கும் இடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். கீற்றுக் கூரை, குறுகலான படிக்கட்டு, ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் தடுத்திருக்க வேண்டிய விஷயம். அந்த ஃபைலில் கையெழுத்துக்காக நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

*வகுப்பறையும் ஆசிரியரும்:* கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர், நூலகம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் தடையில்லாமல் உள்ளே வரும் வசதி எல்லாம் கட்டாயம். 1 முதல் 5 வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம். 6 முதல் 8 வரை 220 நாள், 1,000 மணி நேரம். தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை குறைந்தது 2 ஆசிரியர்கள், 90 வரை 3, 120 வரை 4, 200 வரை 5. ஆசிரியர்களுக்கு உரிய தகுதியும் வேண்டும்.

யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. முதல் வருஷம் 30 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 4,80,000 ரூபாய். 30 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 16,000 ரூபாய். இது சம்பளம் மட்டும். ஆயாம்மா, வாட்ச்மேன், வேன், கட்டடக் கடனுக்கு வட்டி எதுவும் இதில் சேரவில்லை. மூன்று வருஷமாவது கைக்காசு போட்டு ஓட்டத் தெம்பு இருந்தால்தான் இறங்கலாம்.

'ஃபீஸைக் கூட்டிக்கலாம்' என்று நினைத்தபடி ஏற்றவும் முடியாது. 2009-ம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுதான் கட்டணத்தை நிர்ணயிக்கும். சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக மற்ற தனியார் பள்ளிகள், தொடக்க வகுப்பில் 25 சதவிகித இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். அதற்கான பணத்தை அரசு தரும். ஆனால், அது தாமதமானால் அதுவரை சம்பளத்துக்கு என்ன வழி என்பதையும் யோசித்து வைக்க வேண்டும்.

கையில் காசு குறையும்போது பள்ளி முதலில் கை வைப்பது ஆசிரியர் சம்பளத்தில்தான். சம்பளம் குறைந்தால் நல்ல டீச்சர் டவுனுக்குப் போய்விடுவார். அப்புறம் எஞ்சுவது பெயின்ட் அடித்த கட்டடமும் டையும் ஷூவும்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். உங்கள் பள்ளியில் சேரும் பிள்ளை எதையெல்லாம் இழக்கும்? 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பிறகு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. சுயநிதிப் பள்ளிக்கு இல்லை. 6-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. அப்படிப் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கூலி வேலை செய்யும் ஒரு தாய் தன் மகளை இதையெல்லாம் விட்டுவிட்டு உங்களிடம் கொண்டுவந்து விடுகிறார் என்றால், அதைவிடப் பெரிதாக நீங்கள் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்? 'என்ன தேவை?' என்ற அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது இந்தப் பதிலைத்தான்.

காட்டுமன்னார்கோயில் கற்றுக்கொடுத்த பாடம்

இந்த ஊருக்கும் கல்விக்கும் பழைய உறவு. நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இது. தொகுத்ததை அவர் இசையோடு முதலில் கற்றுக்கொடுத்தது தன் மருமகன்கள் இரண்டு பேருக்கு என்பது வைணவ மரபு. இரண்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர். அங்கே தொடங்கியது இன்றும் கோயில்தோறும் ஒலிக்கிறது. நல்ல வாத்தியாரும் சொல்லிக்கொடுக்க உருப்படியான ஒன்றும் இருந்தால் எண்ணிக்கை சின்னதாக இருப்பது குறையில்லை.

அதே ஊரில் 1924-ல் பிறந்தவர் எல்.இளையபெருமாள். அவர் படித்த காலத்தில் பள்ளியில் தலித் பிள்ளைகளுக்கென்று தனித் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். மாணவர் இளையபெருமாள் அந்தப் பானையை உடைத்தார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார். தீண்டாமை குறித்து ஆராய 1965-ல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று, 1969-ல் அறிக்கை கொடுத்தார்.

சட்டத்தின் அட்டவணையில் 'பாதுகாப்பான குடிநீர்' என்று ஒரு வரி இருக்கிறதல்லவா? இந்த ஊரில் அந்த வரிக்கு ஆழம் அதிகம். இன்று பானை தனியாக இருக்காது. ஆனால், ஊரில் ஃபீஸ் கட்ட முடிந்த தெரு, கட்ட முடியாத தெரு என்று இரண்டு உண்டு. புதிதாக ஒரு பள்ளி வந்து, முதல் தெருப் பிள்ளைகளை மட்டும் வேனில் அள்ளிக்கொண்டு போனால், அரசுப் பள்ளியில் மீதி இருப்பது இரண்டாவது தெரு மட்டும்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இரண்டு கட்டடங்களில் பிரிந்துவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் இப்படித்தான் நடந்துவிடுகிறது. நம் வாசகரும் நண்பர்களும் உட்கார்ந்து பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

அப்போ, தொடங்கலாமா வேண்டாமா?

விண்ணப்பத்துக்கு முன்னால் மூன்று மாதம் ஒரு வேலை செய்யுங்கள். ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு, நாலு பேரும் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகப் போங்கள். மூன்று வயது முதல் பதினான்கு வயதுவரை எத்தனை பிள்ளைகள்? எங்கே படிக்கிறார்கள்? எப்படிப் போகிறார்கள்? நடுவில் நின்றவர்கள் யார், எந்த வகுப்பில், ஏன்? மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கிறார்களா? அம்மாக்களிடம் கேளுங்கள். 'இங்கிலீஷ் மீடியம் வேணும்' என்பது முதல் பதிலாக இருக்கலாம். கொஞ்சம் உட்கார்ந்து பேசினால் இரண்டாவது பதில் வரும். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டைப் பார்த்தால் உங்களுக்கே வழி தெரியும். ஒருவேளை எட்டாம் வகுப்புக்கு மேல் போக பஸ் இல்லாததுதான் பிரச்னையாக இருக்கும். அதற்குப் பள்ளி வேண்டாம், போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு மனுவும் விடாத முயற்சியும் போதும். ஊர்ப் பள்ளியில் கழிப்பறை சரியில்லாமல் பெண் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றால், அதற்கு அரசுப் பள்ளியிலேயே உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பேர் பெண்கள் என்கிறது சட்டம். 2024-ல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பணம் கொடுக்க நினைத்தால், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாக நீங்கள் படித்த பள்ளிக்கே கொடுக்கலாம். இரண்டு ஏக்கர் விற்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், 'இல்லை, இந்தப் பிள்ளைகளுக்கு இப்போது யாருமே கொடுக்காத ஒன்று இருக்கிறது, எங்களால் அதைக் கொடுக்க முடியும்' என்று நோட்டு சொன்னால், தயங்காமல் தொடங்குங்கள். நாவலருக்கும் சகஜானந்தருக்கும் அப்படி ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில் இருந்தால் தாசில்தார் ஆபீஸ் பத்து தடவை அலையவிட்டாலும் கால் வலிக்காது.

நிலத்துக்கு அவசரமில்லை, அது எங்கேயும் போகாது. முதலில் நோட்டு வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நமக்கும் சொல்லுங்கள், அதை வைத்து இன்னொரு வாரம் பேசலாம்.